கொல்லையில் நின்ற நாலு செடி

14

இடம் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார் என்று வந்த தாசில்தார் ஆபீஸ் காகிதத்தை மூன்று தரம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நாலாவது தரம் படிக்கப் பயந்துபோய் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாளே அம்சம், அதுவரைக்கும் போன வாரம் பார்த்தோம். பானைக்குள் வைத்த காகிதம் சும்மா கிடந்தது. அம்சத்துக்குத்தான் விடிகிற மட்டும் படுக்கை கொள்ளவில்லை.

இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம்.

நெடுவாய்க்கால் கீழத்தெருவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற மனைக்குப் பட்டா கேட்டு, போன புரட்டாசியில் காத்தான் பெண்டாட்டி அம்சம் மனுப் போட்டாள். குடிசை நிற்கிற இடத்துக்குத் தகராறு இல்லை. தகராறெல்லாம் குடிசைக்குப் பின்னால் வாய்க்கால் கரை வரைக்கும் கிடக்கிற பதினாறு குழிக் கொல்லைமேல்தான். அது பண்ணையோடது என்றார் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் கோவிந்தராசு. பண்ணை முதலாளி அனந்தநாராயணன் மெட்ராசில் உத்தியோகம் பார்த்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அவர் களத்துமேட்டை மிதித்துப் பத்து வருஷம் இருக்கும். இங்கே பண்ணை என்றால் கோவிந்தராசுவின் குடையும் மூக்குக்கண்ணாடியும்தான்.

கொல்லை எங்களுடையது என்று காட்டுவதற்கு, அதில் வைத்து வளர்த்த மரம் மட்டைகளை மனுவில் எழுத வேண்டியிருந்தது.

"ஒண்ணு விடாம எழுதும்மா. எத்தனை காலமா அனுபவிக்கிறீங்கங்கறதுக்கு மரந்தான் சாட்சி" என்று முதியோர் பள்ளி வாத்தியார் சொன்னார்.

நாற்பத்தாறு வயதில் அ, ஆ படித்தவள் அம்சம். வாத்தியார் ஒன்று விடாமல் என்றால் அவளுக்கு ஒன்று விடாமல்தான். கொல்லையில் குந்திக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதினாள். தென்னை இரண்டு. பூவரசு மூன்று. முருங்கை ஒன்று. கறிவேப்பிலை, நாரத்தை என்று பதினாறு வரி போயிற்று. பதினேழாவது வரியில், முனிக்குப் பக்கத்தில் நின்றதையும் எழுதினாள். கஞ்சாச் செடி நாலு.

அதை எப்படி விடுவது? அவர்கள் கொல்லையில் நிற்கிற முனி, சுருட்டும் கஞ்சாவும் வைத்துப் படைக்கிற முனி. அந்தச் செடி மாமியார் காலத்திலிருந்து விதை எடுத்து விதை போட்டு அதே இடத்தில் வந்துகொண்டிருக்கிறது. இருக்கிற சாட்சியிலேயே பழைய சாட்சி. விட்டால் முனிக்குக் கோபம், மனுவுக்குக் குறை என்று நினைத்தாள்.

மனுப் போட்டு இரண்டு மாசத்துக்குள் டில்லியில் புதுச் சட்டம் வந்தது. அதற்கு முன்னாலும் கஞ்சா கூடாதுதான். ஆனால் அது யார் காதிலும் விழாத கூடாது. இப்போது வந்திருப்பது ஜெயில் வைத்த கூடாது.

நேற்றுச் சாயங்காலம் கோவிந்தராசு தெருமுனையில் நின்று, குரலைத் தாழ்த்தி இதமாகத்தான் சொன்னார்.

"அம்சம், நாளைக்கு மூணு மணிக்கு ஆர்.ஐ. எடம் பாக்க வர்றாரு. கொல்லை பண்ணையோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கொல்லை பண்ணையோடதுன்னா செடியும் பண்ணையோடது. புடுங்கி வாய்க்கால்ல விட்டுட்டு நான் பாட்டுக்குப் போறேன். கொல்லை உங்களுதுன்னா செடியும் உங்களுது. அப்பறம் போலீசு வரும். யோசிச்சுக்க."

அதைத்தான் அம்சம் விடிய விடிய யோசித்தாள். யோசித்ததில் ஒன்றும் விளங்கவில்லை.

*

ஆறரை மணிப் பேருந்தில் வேம்பு வந்து இறங்கினாள்.

வேம்பு மகள். பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் சுகாதாரச் செவிலி. கீழத்தெருவில் கவர்மெண்டு உத்தியோகத்துக்குப் போன முதல் பெண்பிள்ளை. தோளில் தொங்கிய பையை இறக்காமல், செருப்பைக் கழற்றாமல், நேரே கொல்லைக்குப் போனாள்.

"எங்கம்மா அது?"

"எதுடி?"

"தெரியாத மாதிரிக் கேக்காதே. அண்ணன் கடுதாசி போட்டுச்சு."

முனிக்குப் பக்கத்தில் நாலு செடியும் இடுப்பளவு நின்றன. பனி அடித்து இலையெல்லாம் ஈரம். வேம்பு குனிந்து ஒரு செடியின் தூரைப் பிடித்தாள்.

"ஏய் வேம்பு! தொடாதே!"

வாயில் பல் குச்சியோடு செல்லதுரை ஓடிவந்தான். மூத்தவன். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளர். குச்சியை எடுத்து எச்சிலைத் துப்பிவிட்டுப் பேசினான்.

"மனுவுல பதினேழு வரி எழுதியிருக்கு. வந்து பாக்கறப்ப பதினாறுதான் நின்னா கோவிந்தராசு என்ன சொல்லுவான்? மனுவே பொய்யும்பான். தென்னையும் பொய், முருங்கையும் பொய்யும்பான்."

"தென்னைதான் நிக்குதேண்ணே. அதை எப்படிப் பொய்யும்பான்?"

"நிக்கறது யாருதுங்கறதுதானே வழக்கு?"

"அப்ப ஜெயிலுக்கு யாரு போறது? உன் சங்கமா?"

"போனா நான் போறேன். புதுசாவா போறேன்? ரெண்டு தடவை போனவன்தானே."

"நீ கூலிப் போராட்டத்துல போனே. மாலை போட்டுக் கூட்டியாந்தாங்க. கஞ்சாக் கேசுல போயிட்டு வா, எந்தச் சங்கம் மாலை போடுதுன்னு பாப்போம்."

செல்லதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டான்.

வேம்பு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்கு இதைத் தெனம் குடுக்கறியாமே? நெசமா?"

அம்சம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். காத்தானுக்கு வயிற்றில் கட்டி. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாசம் வைத்திருந்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று கீழத்தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"சாயந்திரம் ஒரு வேளைதான் குடுக்கறேன். இலையை ஏழு தண்ணி விட்டு அலசி, நெய்யில வதக்கி, மிளகும் பனைவெல்லமும் வச்சு அரைச்சு, சுண்டைக்காயளவு. அதைத் தின்னாத்தான் ரெண்டு கை சோறு எறங்குது வேம்பு. இல்லாட்டி தண்ணிகூட வெளியில வந்துருது."

"ஆஸ்பத்திரி மாத்திரை இருக்குல்ல?"

"அதுவும் வெளியில வந்துருதே."

"அம்மா, எங்களுக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க. மூளை கெட்டுரும். ஞாபகம் போயிரும். இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். ஏன், நம்ம வீட்டுலயே பாக்கலையா? சித்தப்பாவைப் பாத்துமா உனக்குப் புத்தி வரலை?"

சித்தப்பா என்றால் சாமிதுரை. காத்தானுக்குத் தம்பி. இதே முனி பக்கத்தில் குந்திக்கொண்டு இழுத்தவன். பேச்சு நின்று, சட்டை போடுவது நின்று, ஒருநாள் வேளாங்கண்ணிக் கூட்டத்தோடு நடந்து போனவன் திரும்பவில்லை.

செல்லதுரை வாயிலிருந்த குச்சியை மறுபடி எடுத்தான்.

"சித்தப்பாவுக்குப் பேதலிச்சது கஞ்சாவாலயா? கூலித் தகராறுல புடிச்சிக்கிட்டுப் போயி மூணு நாளு தலையிலயே போட்டு அடிச்சாங்களே, அதாலயா? அறுப்புல பத்து ஆளு வரிசையா நிக்கறப்ப முதல் ஆளா அறுத்துக் கட்டினவரு அவரு. இழுத்துட்டுத்தான் அறுத்தாரு."

"அதுக்கு முன்னாடியே அவரு தனியா சிரிப்பாருண்ணே."

"சிரிக்கறதும் பைத்தியமா?"

"நீ கேக்கறே பாரு, அதுதான் பைத்தியம்."

அம்சம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாமிதுரை முனியிடம் தனியாகப் பேசிச் சிரித்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு காது வீங்கிப்போய், கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்புகிறவனாக ஸ்டேஷனிலிருந்து அவன் வந்த காலையையும் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்தது. எது எதைச் செய்தது என்று யாரைக் கேட்பது?

உள்ளேயிருந்து காத்தானின் குரல் வந்தது.

"எல்லாரும் என் வயித்தைப் பத்திப் பேசறீங்க. வயித்துக்காரனை யாராச்சும் கேட்டீங்களா?"

வேம்பு உள்ளே ஓடினாள். "வலிக்குதாப்பா?"

"இல்லம்மா. மேளம் வாசிக்கறான் உள்ளே ஒருத்தன். காலையிலேயே வந்துட்டான்." எலும்பாகிப் போன கையை மகள் தலையில் வைத்தான். "வெள்ளைக்காரன் காலத்துல இதை டவுன்ல லைசென்சுக் கடையில வித்தான். எங்கப்பன் வாங்கியாந்திருக்காரு. அன்னைக்கு அது ஏவாரம். இன்னைக்குக் குத்தம். நடுவுல நான் என்ன செஞ்சேன், சொல்லு?"

வேம்பு அந்தக் கையை மெள்ள எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். கொல்லைக்கு வந்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றாள் கோபமாக.

அம்சத்துக்கு அந்த நிமிஷத்தில் ஒரே ஒரு வழிதான் தோன்றியது.

"எழுதினது நான்தானே. நானே போயி அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

அண்ணனும் தங்கச்சியும் அன்றைக்கு முதன்முதலாக ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

*

மன்னார்குடி தாலுக்கா ஆபீசில் கிளார்க் கட்டை அவிழ்த்து மனுவை எடுத்தார். தான் எழுதியதை அங்கே பார்த்ததும் அம்சத்துக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் போட்ட கொம்பும் காலும் அப்படியே இருந்தன. பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் நம்பர் போட்டிருந்தார்கள்.

"அந்தப் பதினேழாவது வரிங்க. ஒரு கோடு மட்டும் இழுத்துட்டுத் தந்துடறேன்."

"இதென்னம்மா பள்ளிக்கூடத்து நோட்டா, ரப்பர் வச்சு அழிக்கறதுக்கு? நம்பர் ஏறியாச்சு. சீல் வச்சாச்சு."

"நான் எழுதினதுதானுங்களே?"

"எழுதற வரைக்கும் உன்னுது. இங்க வந்தப்பறம் கவர்மெண்டோடது." சொல்லிக்கொண்டே அவர் அந்த வரியைப் படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தரம் படித்தார். சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. "ஏம்மா, இதையெல்லாமா எழுதுவாங்க?"

"ஒண்ணு விடாம எழுதச் சொன்னாங்க."

"அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாமாம்மா இதுக்கு. பேப்பர்ல போட்டிருந்தான். தானே எழுதிக் குடுத்தவங்களை நான் இப்பத்தான் பாக்கறேன்." அவர் குரலைத் தணித்தார். "நான் படிக்கலைன்னு வச்சுக்க. ஆனா காப்பி ஒண்ணு பண்ணைக்கும் போயிருக்கு. நான் படிக்காம இருந்து என்ன பிரயோசனம்?"

வெளியே வந்த அம்சம் புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பெருவிரலை மையில் தொட்டு வைத்த காலத்தில் எத்தனையோ காகிதத்தில் வைத்திருக்கிறாள். யாரோ எழுதினார்கள், அவள் வைத்தாள். அதில் எது பொய், எது நிஜம் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் ஒரு வம்பும் வந்ததில்லை. சொந்தக் கையால், உள்ளதை உள்ளபடி எழுதிய முதல் காகிதத்துக்கு அஞ்சு வருஷம்.

பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. கால் தானாகக் கடைத்தெருப் பக்கம் போயிற்று.

நெய்னா முகம்மது நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறார். காத்தானுக்கு வலி தொடங்கியபோது முதலில் லேகியம் கொடுத்தவரும், பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லிப் பக்குவம் சொன்னவரும் அவர்தான். அம்சம் கடையில் ஏறியதும் லேகிய ஜாடி இருந்த இடத்தைத்தான் பார்த்தாள். பலகையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

"கொட்டிட்டேன் தாயி. போன வாரம் ஜீப்புல வந்து கேட்டுட்டுப் போனாங்க. மறுநாளே பாமணியாத்துல கொண்டு போயிக் கொட்டிட்டேன்."

"பாய், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அது மருந்தா, விஷமா?"

நெய்னா முகம்மது குழவியைக் கையில் எடுத்தார். கல்வத்தில் இருந்த சுக்கை இரண்டு இடி இடித்தார்.

"முப்பது வருஷமா மருந்துன்னு கையில எடுத்துக் குடுத்திருக்கேன். தூக்கம் வராதவன் தூங்கியிருக்கான். கழிச்சல் நின்னிருக்கு. மாட்டுக்குக்கூடக் குடுத்திருக்கேன். இப்ப விஷங்கறாங்க. நடுவுல செடி ஒண்ணும் மாறலை." இன்னொரு இடி. "ஆனா மருந்துன்னு வாங்கிட்டுப் போயி, பீடியில வச்சு இழுத்து, இதே வாசல்ல எச்சில் ஒழுக உக்காந்திருந்த ஆளுங்களையும் பாத்திருக்கேன். அவங்க ஆத்தாளுங்க வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போயிருக்காங்க. அதுவும் பொய்யில்ல."

"ரெண்டுல எது பாய் சரி?"

"அது தெரிஞ்சா ஜாடியை வச்சிருப்பேன். இல்ல, முப்பது வருஷம் முன்னாடியே கொட்டியிருப்பேன்."

*

மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே மொபெட் சத்தம் கேட்டது. ஆர்.ஐ. நாகேஸ்வரன் சின்ன வயசுக்காரர். இந்தப் பிர்க்காவுக்கு வந்து நாலு மாசம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று அம்சத்திடம் கேட்டார். செம்பை வாங்கி, எல்லாரும் பார்க்க, கீழே வைக்காமல் குடித்தார். கீழத்தெருவே கொல்லை வேலியைச் சுற்றி நின்று அதைக் கவனித்தது. கோவிந்தராசுவும் கவனித்தார்.

ஆர்.ஐ. மனுவை எடுத்து வாசித்தார். தென்னை என்றதும் செல்லதுரை தென்னையைக் காட்டினான். பூவரசு என்றதும் பூவரசு. கோவிந்தராசு குடைக்காம்பை ஊன்றிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். பதினாறு வரியும் அப்படிப் பேசாமல் வந்தார்.

"பதினேழு..." என்று வாயெடுத்த ஆர்.ஐ. நிறுத்தினார். காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு செடியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இது புளிச்சக்கீரைதானேம்மா?"

அம்சத்துக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் பார்த்தாள். இலை விரல் விரலாக விரிந்து, தூரத்துக்குப் புளிச்சக்கீரை மாதிரித்தான் இருந்தது.

"இப்பத்தானே எழுதப் பழகியிருக்கீங்க. ஒண்ணை நெனைச்சு ஒண்ணை எழுதியிருப்பீங்க. புளிச்சக்கீரைன்னு திருத்தி ஒரு கையெழுத்துப் போட்டுடலாமா?"

பின்னால் வேம்பு மூச்சு விட்டது கேட்டது. ஆமாம் என்று சொல்ல அம்சம் வாயைத் திறந்தாள். அதற்குள் கோவிந்தராசு குனிந்து ஒரு நுனியைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஆர்.ஐ. மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். இதைக் கடைஞ்சு சோத்துல ஊத்திக்குவீங்களா?"

வேலிக்கு வெளியே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு அவர்களுக்கே சங்கடமாகப் போயிற்று.

ஆர்.ஐ. பேனா மூடியைக் கழற்றினார். இனிமேல் அவராலும் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

"சர்க்குலர் வந்திருக்கும்மா. நுனியில பூவோட சேர்ந்திருக்கறதுதான் கஞ்சாவாம். வெறும் இலையும் விதையும் தனியா இருந்தா அதுல சேத்தி இல்லையாம். ஆனா செடியா வளத்தா குத்தமாம்."

"இலை இல்லாத செடி ஏதுங்க சார்?" என்றாள் அம்சம்.

"அது எனக்கும் வெளங்கலை. அப்படித்தான் போட்டிருக்கு."

கோவிந்தராசு முன்னால் வந்தார். "வளவளன்னு என்னத்துக்கு? ஒரு வார்த்தைதானே, அம்சம். கொல்லை யாருது?"

அம்சம் மகனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். காலையில் அவ்வளவு பேசியவர்கள் இப்போது செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பண்ணையோடது என்றால் கொல்லை போகும். கொல்லை போனால் நாளைக்குக் குடிசைக்குப் பின்னால் ஒரு வேலி விழும். வாய்க்காலுக்குப் போக வழி கேட்டு இதே குடைக்காம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். எங்களுது என்றால் யாரோ ஒருத்தர் ஜீப்பில் ஏற வேண்டும். ஆனால் வாய் தானாகவே சொன்னது.

"கொல்லை எங்களுது."

"செடி?" என்றார் ஆர்.ஐ., தலையைத் தூக்காமல்.

"செடி என்னுது சார்."

சொன்னது அம்சம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு காத்தான் வந்து நின்றான். அவன் கொல்லைக்கு நடந்து வந்து இருபது நாள் ஆகியிருந்தது.

"மனு போட்டது அவ. எடத்தை அவ பேருல எழுதுங்க. செடி வச்சது நான். அதுக்கு என்னை எழுதிக்குங்க."

"நீ எங்கய்யா வச்சே?" அம்சம் கத்தினாள். "தண்ணி ஊத்துனது நானு! பறிச்சது நானு!"

"ஒண்ணும் தெரியாதவ சார். புருசன்மேல பிரியம், உளர்றா" என்றான் காத்தான்.

கோவிந்தராசு இதை எதிர்பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அதெப்படி சார், எடம் ஒருத்தருது, செடி ஒருத்தருதுன்னு எழுத முடியும்?"

"ஏன் சார்? நெலம் உங்க முதலாளியோடது, பயிரு இவங்க வச்சதுன்னு தலைமுறை தலைமுறையா நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்களே. அப்ப முடிஞ்சுதில்ல?" என்றார் ஆர்.ஐ.

வேலியோரத்தில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லார் முகத்திலும் அது இருந்தது.

ஆர்.ஐ. இரண்டு வாக்குமூலம் எழுதினார். கொல்லை அனுபோகம், அம்சம். செடி வளர்த்தது, காத்தான். அம்சம் எழுத்துக்கூட்டிப் பேரை எழுதினாள். காத்தான் கைநாட்டு வைத்தான். சாட்சிக் கையெழுத்துக்குக் கிராம அதிகாரி வேண்டும். அவர் இல்லை, மாமனார் காரியத்துக்குத் தரங்கம்பாடி போயிருந்தார்.

"சர்க்கார் ஊழியர் யாராவது ஒருத்தர் போட்டாலும் போதும்" என்றார் ஆர்.ஐ.

"அதுக்கென்ன, வீட்டுலயே இருக்கே" என்றார் கோவிந்தராசு, வேம்புவைக் காட்டி.

வேம்பு காகிதத்தைப் பார்த்தாள். போட்டால் அப்பன் குற்றவாளி என்று மகள் எழுதிக் கொடுத்ததாகும். போடாவிட்டால் வாக்குமூலம் இரண்டும் செல்லாது, கொல்லையும் தொங்கும். காத்தான் மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"போடும்மா. கவர்மெண்டு கையெழுத்து எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்."

வேம்பு போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் குடிசைக்குள் போய்விட்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு போலீசு வரும்" என்றார் ஆர்.ஐ. அம்சத்திடம். "நான் எழுதாம இருக்க முடியாதும்மா. அதுவரைக்கும் செடி நாலும் நாலா நிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் எல்லார் தலையிலயும் விடியும்."

கோவிந்தராசு குடையை விரித்தார். போகிறபோது திரும்பி, "ஏன் காத்தான், ஜெயிலுக்குள்ள உனக்கு யாரு நெய்யில வதக்கித் தருவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

*

காத்தான் கொல்லைக்கு நடந்து வந்ததுக்கும் நின்று பேசினதுக்கும் சேர்த்து வலி அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பொழுது சாய்கிறதற்குள் காத்தான் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிடந்தான். செல்லதுரை வக்கீலைப் பார்க்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தான். வழக்கமாகக் கொடுக்கிற நேரம். நேற்று அரைத்தது தீர்ந்துவிட்டது.

அம்சம் கையைப் பிசைந்துகொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். செடியைத் தொட்டால் என்ன ஆகும்? தொடாவிட்டால் இந்த ஆள் விடிகிற மட்டும் தாங்குவானா? பத்து மணிக்கு இப்படியே சுருண்டு கிடந்தால் ஜீப்பில் எப்படி ஏற்றுவார்கள்? ஏற்றத்தான் வேண்டுமா? கொல்லை கிடைத்த மாதிரியும் இருந்தது. எல்லாம் போன மாதிரியும் இருந்தது.

வேம்புவைக் கேட்கலாம் என்று பார்த்தால் அவள் உள்ளே இல்லை.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. மங்கின வெளிச்சத்தில், முனி பக்கத்தில், வேம்பு முழங்காலிட்டு இருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊசி போடும்போது நரம்பு தேடுகிறவள் மாதிரி அவ்வளவு நிதானமாக, அடியில் முற்றியிருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளிச் சொளகில் போட்டுக்கொண்டிருந்தாள். நுனிப்பக்கம் அவள் விரல் போகவில்லை.

"வேம்பு!" அம்சம் ஓடிப்போனாள். "என்னடி செய்யறே? நாலும் நாலா நிக்கணும்னாரே."

"நாலும் நாலாத்தாம்மா நிக்குது. செடியைத்தானே எண்ணிட்டுப் போனாரு. இலையை எண்ணலையே."

உள்ளே காத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கொல்லை வரைக்கும் கேட்டது. வேம்பு இன்னும் வேகமாகக் கிள்ளினாள்.

அம்சம் பக்கத்தில் குந்தினாள். "காலையில மூளை கெட்டுரும்னியே. நீ படிச்சவ. எனக்கு ஒண்ணும் புரியலை. நீயாச்சும் சொல்லு. இது அந்த மனுசனுக்கு நல்லதா, கெட்டதா?"

வேம்பு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலைம்மா" என்றாள். "ஒரு வேளைக்கு எத்தனை இலை போடுவே, அதை மட்டும் சொல்லு."